ரிவ்யூவில் அதே கமெண்ட்டை மறுபடி மறுபடி எழுதாமல் இருக்க: புதிய மாற்றங்களில் பேட்டர்ன் சோதனையை ஆட்டோமேட் செய்வது

உங்கள் ரிப்போவில் கடைசியாக மெர்ஜ் ஆன நாற்பது ஐம்பது புல் ரிக்வெஸ்ட்டுகளை (மெயின் கோடில் சேர்க்கச் சொல்லி அனுப்பிய மாற்றங்களை) திறந்து, அவற்றின் ரிவ்யூ கமெண்ட்டுகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். "டைம்அவுட் கொடுக்கவில்லையே", "இந்த பிரின்ட்டை எடுத்துவிடுங்கள்", "இண்டெக்ஸை இப்படிச் சேர்த்தால் டேபிள் லாக் ஆகும்" என்று அதே நாலைந்து வாக்கியங்களை ஆள் மாற்றி ஆள் எழுதியிருப்பார்கள். இன்னும் உன்னிப்பாகப் பார்த்தால் அதே தவறு வேறு சில ரிக்வெஸ்ட்டுகளில் யார் கண்ணிலும் படாமல் உள்ளே போயிருப்பதும் தெரியும். ரிவ்யூ செய்தவர் அசட்டையாக இருந்தார் என்று சொல்ல முடியாது. முந்நூறு வரி டிஃப்பை, அதாவது எந்த வரி சேர்ந்தது, எது போனது என்று காட்டும் பட்டியலைப் படிக்கும் மனிதர் லாஜிக்கில் கவனம் வைத்தால் இவை நழுவும், இவற்றில் கவனம் வைத்தால் லாஜிக் நழுவும்.

எதை ஆட்டோமேட் செய்வது என்ற கேள்விக்கு விடை அந்தப் பழைய கமெண்ட்டுகளிலேயே இருக்கிறது. எங்கிருந்தோ ஒரு பெரிய ரூல் தொகுப்பை இறக்கி ஒரே நாளில் மாட்டிவிடாதீர்கள். உங்கள் டீமில் மனிதர்கள் ஏற்கெனவே சில முறை கையால் எழுதிய கமெண்ட் மட்டும் ரூல் ஆகட்டும். இன்னொன்று, அந்த ரூல் புதிதாக வரும் மாற்றத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும், பழைய கோடைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. ஃபேஸ்புக்கில் கோடை ஆராய்ந்து பிழை தேடும் இன்ஃபர் என்ற கருவியைக் கொண்டுவந்தபோது நடந்ததை அங்குள்ள பொறியாளர்கள் 2019-ல் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். முழு கோடையும் ராத்திரியில் ஓட்டிப் பார்த்து, கிடைத்த பிழைகளைப் பட்டியலாகக் கொடுத்தபோது கிட்டத்தட்ட யாருமே திருத்தவில்லை. அதே ஆய்வை ரிவ்யூ நேரத்தில், அந்த மாற்றத்தின் மேலேயே கமெண்ட்டாகப் போட ஆரம்பித்ததும் திருத்தும் விகிதம் 70 சதவீதத்தைத் தாண்டியது. கருவி அதேதான். சொன்ன நேரமும் இடமும்தான் வேறு.

கீழே சொல்வதெல்லாம் கிட்ஹப்பில் இருக்கும் ஒரு பைத்தான், ஜாங்கோ ப்ராஜெக்ட்டை மனதில் வைத்துச் சொல்வது. கிட்லேப், ஜெர்ரிட் என்று எதில் இருந்தாலும் முறை ஒன்றுதான், பெயர்கள்தான் மாறும்.

முதலில் டிஃப்பைச் சரியாக எடுங்கள்

பாதிப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. மெயின் பிராஞ்ச்சுக்கும் உங்கள் பிராஞ்ச்சுக்கும் நடுவே கிட் டிஃப் எடுக்கும்போது இரண்டு புள்ளி போடாதீர்கள், மூன்று புள்ளி போடுங்கள். இரண்டு புள்ளி போட்டால் இரண்டு பிராஞ்ச்சின் இன்றைய நிலைகளும் நேருக்கு நேர் ஒப்பிடப்படும். நீங்கள் பிராஞ்ச் எடுத்த பிறகு மெயினில் யாரோ நீக்கிய வரி உங்கள் பிராஞ்ச்சில் இன்னும் இருக்கும், அதனால் அது நீங்கள் புதிதாகச் சேர்த்த வரி மாதிரி காட்டும், தொடாத ஃபைலுக்கு உங்களுக்குத் திட்டு விழும். மூன்று புள்ளி போட்டால் இரண்டும் பிரிந்த இடத்திலிருந்து உங்கள் பக்கம் என்ன மாறியது என்பது மட்டும் வரும்.

மூன்று புள்ளி வேலை செய்ய அந்தப் பிரிந்த கமிட் கையில் இருக்க வேண்டும். சோதனை வரிசையை (வொர்க்ஃப்ளோவை) தானாக ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும். ஃபெட்ச் டெப்த் மதிப்பை 0 என்று கொடுத்தால் முழு வரலாறும் வரும். ரிப்போ பெரியது, அவ்வளவும் வேண்டாம் என்றால் 2 கொடுங்கள். புல் ரிக்வெஸ்ட் நிகழ்வில் செக்அவுட் ஆவது உங்கள் பிராஞ்ச் அல்ல, அதை மெயினோடு சேர்த்து கிட்ஹப் தற்காலிகமாக உண்டாக்கும் மெர்ஜ் கமிட். அதன் முதல் பெற்றோர் மெயின். ஆகவே ஹெட்டின் முதல் பெற்றோருக்கும் ஹெட்டுக்கும் நடுவே டிஃப் எடுத்தாலே அந்த ரிக்வெஸ்ட்டின் மாற்றம் துல்லியமாகக் கிடைத்துவிடும். கான்ஃப்ளிக்ட் இருந்தால் இந்த மெர்ஜ் கமிட்டே உருவாகாது, வொர்க்ஃப்ளோவும் ஓடாது, அதைப் பார்த்து ஸ்கிரிப்ட் உடைந்துவிட்டது என்று தேட வேண்டாம்.

அப்புறம் டிஃப்பைப் படிப்பது. சூழல் வரிகள் வேண்டாம் என்பதற்கு யூனிஃபைட் மதிப்பை 0 ஆக்குங்கள், கலர் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மேலே @@ -12,0 +13,2 @@ என்று ஒரு வரி இருக்கும். கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பது புதிய ஃபைலில் அந்தத் துண்டு தொடங்கும் வரி எண்ணும், அதில் எத்தனை வரி என்பதும். எண்ணிக்கை எழுதப்படவில்லை என்றால் 1 என்று கொள்ளுங்கள். இதை வைத்துத்தான் கமெண்ட் எந்த வரியில் விழ வேண்டும் என்று கணக்கிடுகிறோம். சேர்த்த வரிகள் + என்று தொடங்கும், ஃபைல் பெயர் சொல்லும் தலைப்பு வரி +++ என்று தொடங்கும். நிறைய பேர் +++ என்று தொடங்கும் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மீதியைப் படிப்பார்கள். சி மொழியில் ஒரு கவுண்ட்டரை ++ போட்டுத் தொடங்கும் வரியை யாராவது சேர்த்தால் அதுவும் டிஃப்பில் +++ என்றுதான் ஆரம்பிக்கும், அதுவும் சேர்ந்து காணாமல் போகும். துண்டின் தலைப்பில் உள்ள எண்ணிக்கையை வைத்து, இத்தனை வரி தீரும் வரை எல்லாமே உள்ளடக்கம்தான் என்று எண்ணிக்கொண்டே போவதுதான் சரியான வழி. பைத்தானில் யூனிடிஃப் என்ற லைப்ரரி இதைச் செய்து தருகிறது, சொந்தமாக எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

தமிழில் ஃபைல் பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கிட் தன் இயல்பில் ஆஸ்கிக்கு வெளியே உள்ள எழுத்துகளை எண்களாக மாற்றி மேற்கோளுக்குள் காட்டும், "\340\256\244" என்ற மாதிரி. த என்ற ஒற்றை எழுத்து அப்படித்தான் தெரியும். ஸ்கிரிப்ட் அந்தப் பெயரில் ஃபைலைத் தேடினால் கிடைக்காது, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கோர் கோட்பாத் அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள், அல்லது ஃபைல் பட்டியல் மட்டும் எடுக்கும்போது பெயர்களை நல் எழுத்தால் பிரிக்கச் சொல்லும் இஸட் ஆப்ஷனைப் போடுங்கள். பெயரில் இடைவெளி உள்ள ஃபைல்களுக்கும் இது நல்லது.

எளிய ரூலுக்கு ரெகெக்ஸ் போதும்

சில ரூல்களுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, ரெகெக்ஸ், அதாவது எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை போதும். டீபக்கரை நிறுத்தும் பிரேக்பாயின்ட் வரி, மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டின் ஏழு < குறிகள், பிரைவேட் கீயின் தொடக்க வரி போன்றவை ஒரே வரிக்குள் அடங்கும், வேறு அர்த்தத்தில் பெரும்பாலும் வராது. கடைசியில் விட்ட ஸ்பேஸ், மிச்சமிருக்கும் கான்ஃப்ளிக்ட் குறி இரண்டையும் கிட் டிஃப்பின் செக் ஆப்ஷனே பார்த்துச் சொல்லும்.

பிரின்ட்டைப் பிடிக்க ரெகெக்ஸ் எழுதும்போது கொஞ்சம் கவனியுங்கள். பிரின்ட் என்ற சொல்லும் திறப்பு அடைப்பும் என்று மட்டும் தேடினால் பிபிரின்ட்டும் மாட்டும், ஃப்ளாஸ்கின் ப்ளூபிரின்ட்டும் மாட்டும். சொல் எல்லைக் குறி முன்னால் போட்டால் இவை விலகும். கமெண்ட்டுக்குள்ளும் ஸ்ட்ரிங்குக்குள்ளும் வருவது அப்போதும் மாட்டும். அது எப்போதாவது ஒன்று என்றால் பரவாயில்லை, அடிக்கடி என்றால் அந்த ரூலுக்கு ரெகெக்ஸ் போதவில்லை என்று அர்த்தம்.

வரிகளில் ரெகெக்ஸைத் தேடும் க்ரெப் கட்டளையை நேரடியாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது திருப்பித் தரும் எண்ணை நினைவில் வையுங்கள். பொருந்தினால் 0, எதுவும் பொருந்தவில்லை என்றால் 1, பிழை என்றால் 2. நமக்குத் தப்பு கிடைக்காததுதான் வெற்றி, க்ரெப்புக்கு அது தோல்வி. ஆக்‌ஷன்ஸில் பாஷ் ஒரு கட்டளை தோற்றதும் நிற்கும்படிதான் ஓடும். சுத்தமான ரிக்வெஸ்ட்டில் சிவப்பும், தப்பு உள்ள ரிக்வெஸ்ட்டில் பச்சையும் வருவது இதனால்தான். இதைத் தவிர்க்கக் கடைசியில் எப்படியும் வெற்றி என்று ஒட்டிவிடுவது ஆபத்து, ஏனென்றால் 2 வந்தாலும், அதாவது உங்கள் ரெகெக்ஸே தப்பாக இருந்தாலும், பச்சை காட்டிவிடும். மூன்று நிலைகளையும் தனித்தனியே கையாளுங்கள்.

அமைப்பைப் பார்க்க வேண்டிய ரூல்

வேறு சர்வரைக் கூப்பிடப் பைத்தானில் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் டைம்அவுட் கொடுக்காவிட்டால் அது தானாக எதையும் வைத்துக்கொள்வதில்லை. எதிர்ப்பக்கம் பதில் சொல்லாமல் இருந்தால் உங்கள் வொர்க்கரும் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். ரிவ்யூவில் அடிக்கடி சொல்லப்படும் கமெண்ட் இது, ரெகெக்ஸால் ஒழுங்காகப் பிடிக்க முடியாததும் இதுவே. ஃபங்ஷனைக் கூப்பிடும் அந்தக் கால் (அழைப்பு) ஐந்து வரிக்கு நீண்டிருக்கும், டைம்அவுட் நாலாவது வரியில் இருக்கும், வரி வரியாகப் பார்க்கும் ரெகெக்ஸுக்கு அது தெரியாது.

கோடின் அமைப்பைப் பார்த்துத் தேடும் செம்க்ரெப் இங்கே கைகொடுக்கும். ஃபேஸ்புக்கில் உருவான எஸ்க்ரெப் என்ற கருவியின் வழி வந்தது. பேட்டர்னை அந்த மொழியின் கோட் மாதிரியே எழுதலாம், இதில் மூன்று புள்ளி என்றால் இங்கே எது வேண்டுமானாலும் இருக்கலாம், டாலர் போட்ட பெரிய எழுத்துப் பெயர் என்றால் ஏதோ ஒன்று, அதற்கு இந்தப் பெயர். முதல் பேட்டர்னில் ரிக்வெஸ்ட்ஸ், புள்ளி, மெத்தட் இருக்கும் இடத்தில் ஒரு டாலர் பெயர், அடைப்புக்குள் மூன்று புள்ளி என்று எழுதுங்கள். அடுத்து பேட்டர்ன்-நாட் போட்டு, அடைப்புக்குள் டைம்அவுட் எங்காவது இருந்தால் விட்டுவிடு என்று சொல்லுங்கள். முதல் வடிவம் இவ்வளவுதான். ஓட்டிப் பார்த்ததும் இரண்டு இடத்தில் தேவையில்லாமல் மாட்டும். ரிக்வெஸ்ட்ஸின் செஷனை உருவாக்கும் வரியும் அதே வடிவம்தான், அதற்கு டைம்அவுட் கிடையாது. ஆகவே டாலர் பெயர் கெட், போஸ்ட், புட், பேட்ச், டெலீட், ஹெட் இவற்றில் ஒன்றாக இருந்தால் மட்டும் என்று மெட்டாவேரியபிள்-ரெகெக்ஸ் போட்டுக் கட்டுப்படுத்துங்கள். இரட்டை நட்சத்திரம் போட்டு ஒரு டிக்‌ஷனரியை அப்படியே அனுப்பும் கால்களில் டைம்அவுட் உள்ளே இருக்கலாம், நமக்குத் தெரியாது, அவற்றையும் இன்னொரு பேட்டர்ன்-நாட் போட்டு விலக்குங்கள். தெரியாத இடத்தில் மெஷின் வாயை மூடிக்கொள்வது நல்லது. இம்போர்ட் செய்யும்போது ரிக்வெஸ்ட்ஸுக்கு யாராவது வேறு சின்னப் பெயர் வைத்திருந்தாலும் செம்க்ரெப் அதைப் புரிந்துகொள்ளும், அதற்குத் தனியாக எழுத வேண்டாம்.

ஒவ்வொரு ரூலுக்கும் பக்கத்தில் ஒரு டெஸ்ட் ஃபைல் வையுங்கள். மாட்ட வேண்டிய வரிக்கு மேலே ரூல்ஐடி என்ற கமெண்ட், மாட்டக் கூடாத வரிக்கு மேலே ஓகே என்ற கமெண்ட் போட்டுவிட்டால் செம்க்ரெப்பின் டெஸ்ட் ஆப்ஷன் அதைச் சரிபார்த்துச் சொல்லும். யாராவது "இது தப்பாக மாட்டுகிறது" என்று சொன்னால் அந்த வரியை ஓகே என்று டெஸ்ட்டில் சேர்த்துவிட்டு ரூலைத் திருத்துங்கள். டெஸ்ட் இல்லாத ரூலைத் தொட யாருக்கும் தைரியம் வராது, அது அப்படியே பழசாகிக் கிடக்கும்.

லினக்ஸ் கெர்னலில் இந்த இரண்டு வகையும் அக்கம் பக்கமாகவே இருக்கின்றன. செக்பேட்ச் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் பேட்ச்சை வரி வரியாகப் பார்க்கும், காக்சினெல் என்ற கருவி சி கோடின் அமைப்பைப் பார்க்கும். செக்பேட்ச் ஒரு வழிகாட்டிதான், மனிதரின் முடிவுக்கு மாற்று அல்ல என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது.

நீக்கிய வரியிலும் தப்பு வரும்

சேர்த்த வரியை மட்டும் பார்த்தால் போதும் என்று நினைக்கும்போது ஒரு பெரிய வகைத் தப்பு முழுதாகத் தப்பிவிடுகிறது. ஒரு வ்யூ ஃபங்ஷனுக்கு மேலே இருந்த, லாகின் செய்தவரை மட்டும் உள்ளே விடும் லாகின்-ரிக்வயர்ட் டெக்கரேட்டரை ஒருவர் டெஸ்ட் செய்வதற்காக எடுத்துவிட்டு அப்படியே அனுப்பிவிட்டார் என்று வையுங்கள். டிஃப்பில் ஒரே ஒரு கழித்தல் வரி இருக்கும், கூட்டல் வரியே இருக்காது. ஐந்து வரி காலில் டைம்அவுட் வரியை மட்டும் நீக்கினாலும் இதே கதைதான்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, நீக்கிய வரிகளுக்கென்றே சில ரூல் வைப்பது. டெக்கரேட்டர், பெர்மிஷன் கிளாஸ், டெஸ்ட்டில் உள்ள அசர்ட் போன்ற சொற்கள் கழித்தல் வரியில் வந்து, அதே ஃபைலின் கூட்டல் வரிகளில் வராவிட்டால் சொல்லட்டும். இடம் மாற்றியதை நீக்கியதாக நினைக்காமல் இருக்கத்தான் அந்த இரண்டாவது நிபந்தனை. இன்னொரு வழி, வரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு முடிவுகளை ஒப்பிடுவது. செம்க்ரெப்புக்கு பேஸ்லைன் கமிட் என்று ஒன்றைக் கொடுத்தால், அந்தக் கமிட்டில் ஏற்கெனவே இருந்த புகார்களைக் கழித்துவிட்டுப் புதிதாக முளைத்தவற்றை மட்டும் சொல்லும். "இருக்க வேண்டிய ஒன்று காணோம்" என்ற வகை ரூல் எல்லாவற்றுக்கும் இதையே பயன்படுத்துங்கள். இங்கே வரி வடிகட்டி போட்டால், கருவி புகார் சொல்லும் வரி நீங்கள் சேர்த்த வரியாக இல்லாமல் போய், உண்மையான புகாரே தொலைந்துவிடும்.

ரகசியச் சாவிகளுக்கு வேறு கணக்கு

பாஸ்வேர்ட், ஏபிஐ கீ போன்றவற்றுக்குக் கடைசி டிஃப் போதாது. முதல் கமிட்டில் கீயைப் போட்டுவிட்டு, மூன்றாவது கமிட்டில் எடுத்துவிட்டால் மொத்த டிஃப்பில் அதன் சுவடே இருக்காது, ஆனால் வரலாற்றில் இருக்கும். அதனால் ரிக்வெஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு கமிட்டின் பேட்ச்சையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கிட்லீக்ஸ் போன்ற கருவிகள் வரலாற்றையே வாசிக்கும், இதைச் சொந்தமாக எழுத முயலாமல் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அமேசானின் நீண்டகால ஆக்சஸ் கீ ஏ, கே, ஐ, ஏ என்ற நான்கு எழுத்தில் தொடங்கி அதற்குப் பின் 16 எழுத்து கொண்டது என்பதால் பேட்டர்ன் எளிது, ஆனால் அமேசானின் ஆவணங்களில் வரும் மாதிரிக் கீயும் அதே வடிவம்தான். அதை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சோதனை ஒரு கீயைப் பிடித்துவிட்டது என்றால் கமிட்டை அழித்தால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். புஷ் ஆன நொடியிலேயே அது வெளியே போய்விட்டதாகத்தான் கொள்ள வேண்டும், கீயை ரத்து செய்து புதிது எடுங்கள். இந்த வாக்கியத்தை ரூலின் செய்தியிலேயே எழுதி வையுங்கள், பதற்றத்தில் இருப்பவருக்கு அப்போது அதுதான் தேவை.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள், தமிழோடு

2021-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ட்ரோஜன் சோர்ஸ் என்ற பெயரில் ஒரு தாக்குதலை விளக்கினார்கள். வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான திசை மாற்றும் எழுத்துகளை கோடில் நுழைத்தால், ரிவ்யூ செய்பவர் கண்ணில் தெரியும் வரிசை ஒன்றாகவும் கம்பைலர் படிக்கும் வரிசை வேறாகவும் இருக்கும். மனிதக் கண்ணால் பிடிக்கவே முடியாதது என்பதால் இது மெஷினுக்கென்றே உள்ள வேலை. யுனிகோடில் 202A முதல் 202E வரையும், 2066 முதல் 2069 வரையும் உள்ள எழுத்துகள் சேர்த்த வரிகளில் வந்தால் தடுத்துவிடுங்கள்.

ஆனால் "தெரியாத எழுத்து எல்லாவற்றையும் தடு" என்று எழுதிவிடாதீர்கள். இணைக்காமல் பிரித்துவைக்கும் எழுத்தான 200C தமிழுக்குத் தேவை. ரிக்‌ஷா, ஆக்‌ஷன் என்று எழுதும்போது க் என்பதும் ஷ என்பதும் ஒட்டி க்ஷ ஆகிவிடாமல் இருக்க அதைத்தான் நடுவில் வைக்கிறோம். மொழிபெயர்ப்பு ஃபைல்களில் அது நியாயமாக வரும். மாறி, ஃபங்ஷன் பெயர்களில் வந்தால் வேறு விஷயம், அங்கே தடுக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பு அனுப்பும் ஒரு புதிய பங்களிப்பாளருக்கு முதல் ரிக்வெஸ்ட்டிலேயே காரணமில்லாமல் சிவப்பு விழுந்தால் அவர் திரும்பி வருவது சந்தேகம்தான்.

கமெண்ட் எங்கே, எப்படி விழ வேண்டும்

லாகில் எங்கோ ஒரு மூலையில் எழுதி வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். அந்த வரியின் மேலேயே விழ வேண்டும். எளிய வழி ஆக்‌ஷன்ஸின் வொர்க்ஃப்ளோ கட்டளை. ஃபைல் பெயர், வரி எண், செய்தி மூன்றையும் அந்த வடிவில் அச்சிட்டாலே டிஃப்பில் தெரியும், டோக்கன் (அனுமதிச் சாவி) எதுவும் வேண்டாம். ஒரு ஸ்டெப்பில் 10 எச்சரிக்கை, 10 பிழை வரைதான் காட்டும், மீதி தெரியாது. சேர்த்த வரிகளை மட்டும் பார்க்கும் ரூல்களுக்கு இது போதும். உண்மையான ரிவ்யூ கமெண்ட்டாகவே போட வேண்டுமென்றால் ரிவ்யூடாக் நல்ல கருவி. எந்த லின்ட்டரின் (கோடில் குறை தேடும் கருவியின்) வெளியீட்டையும் வாங்கி, சேர்த்த வரியில் உள்ளதை மட்டும் வடிகட்டிக் கமெண்ட்டாகப் போடும், கிட்லேப்பிலும் வேலை செய்யும்.

செய்தியை எழுதுவதற்கு நேரம் செலவிடுங்கள். "தடைசெய்யப்பட்ட பேட்டர்ன்" என்று மட்டும் சொல்வது யாருக்கும் உதவாது. என்ன தப்பு, ஏன் தப்பு, பதிலுக்கு என்ன எழுத வேண்டும், மூன்றும் இரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். உதாரணமாக மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கோட்) ரூல்: "போஸ்ட்கிரெஸில் சாதாரணமாக இண்டெக்ஸ் போட்டால் அது முடியும் வரை அந்த டேபிளில் எழுத முடியாது. ஜாங்கோவின் ஆட்-இண்டெக்ஸ்-கன்கரன்ட்லி பயன்படுத்துங்கள், மைக்ரேஷனில் அடாமிக் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், இது ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் ஓடாது." இதைப் படித்தவர் யாரையும் கேட்காமல் திருத்திவிடுவார். ரூல்களில் என் அனுபவத்தில் மிகவும் நன்றாகப் பலன் தருவது இந்த வகைதான், படிக்கும்போது அப்பாவியாகத் தெரிந்து ப்ரொடக்‌ஷனில் பெரிய டேபிள் மேல் விழும்போது மட்டும் வலிக்கும் விஷயங்கள்.

எதைத் தடுப்பது

ரூல் எல்லாம் மெர்ஜைத் தடுக்க வேண்டியதில்லை. திசை மாற்றும் எழுத்து, பிரைவேட் கீ, கான்ஃப்ளிக்ட் குறி, டீபக்கர் வரி இவை எந்தச் சூழ்நிலையிலும் சரியாக இருக்காது, தடுக்கட்டும். மேலே சொன்ன இண்டெக்ஸ் ரூலில் டேபிள் சின்னதாக இருக்கலாம், அதே மைக்ரேஷனில் புதிதாக உருவான காலி டேபிளாகவும் இருக்கலாம், அது சொல்லிவிட்டு ஒதுங்கட்டும். சந்தேகம் இருந்தால் எச்சரிக்கையாகவே ஆரம்பியுங்கள்.

கோடை ஆராய்ந்து ரிவ்யூவில் கமெண்ட் போடும் கூகுளின் ட்ரைகார்டர் அமைப்பில் ஒவ்வொரு கமெண்ட்டின் கீழும் "பயனில்லை" என்று சொல்ல ஒரு பட்டன் உண்டு, 10 சதவீதத்துக்கு மேல் வீண் என்று தெரியும் சோதனையை அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. அவர்கள் கணக்கில், கருவி சொன்னது உண்மையே என்றாலும் படித்தவர் ஒன்றும் செய்யவில்லை என்றால் அதுவும் வீண்தான். இந்த அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நம் அளவில் பட்டன் தேவையில்லை, செம்க்ரெப்பில் ஒரு வரியை விலக்க நோசெம்க்ரெப் என்று கமெண்ட் போடுவார்கள் அல்லவா, அதை எண்ணினாலே போதும். ரூலின் பெயரும் காரணமும் சேர்த்து எழுதியிருந்தால்தான் விலக்கு ஏற்கப்படும் என்று ஒரு சின்ன ரூல் போட்டுவிடுங்கள். ஒரே ரூலுக்கு விலக்கு குவிந்தால் குறை எழுதுபவர்களிடம் இல்லை, ரூலில் இருக்கிறது.

தடுக்கும் சோதனையைக் கட்டாயமாக்கும்போது, வொர்க்ஃப்ளோவின் தொடக்கத்திலேயே இந்த ஃபோல்டர் மாறினால் மட்டும் ஓடு என்று போடாதீர்கள். ஓடாமல் விட்டால் கட்டாயச் சோதனை காத்திருப்பிலேயே நிற்கும், மெர்ஜ் செய்ய முடியாது. எப்போதும் ஓடவிட்டு, ஜாப்புக்குள்ளே நிபந்தனை போட்டுத் தாண்டச் சொல்லுங்கள், அது வெற்றியாகக் கணக்காகும்.

வெளியாட்களின் மாற்றம்

திறந்த மூலத் திட்டம் என்றால் இதைத் தவறவிடாதீர்கள். ஃபோர்க்கிலிருந்து (வெளியாள் எடுத்துவைத்த ரிப்போ நகலிலிருந்து) வரும் ரிக்வெஸ்ட்டுக்கு டோக்கன் படிக்க மட்டும்தான் கிடைக்கும், சீக்ரெட்டுகளும் கிடைக்காது, கமெண்ட் போட முடியாது. உடனே புல்-ரிக்வெஸ்ட்-டார்கெட் நிகழ்வுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று எங்காவது படிப்பீர்கள். அது உங்கள் ரிப்போவின் சீக்ரெட்டுகளோடும், பெரும்பாலும் எழுதும் உரிமையோடும் ஓடும். அங்கே வந்தவரின் கோடை செக்அவுட் செய்து, அதன் டெஸ்ட்டையோ இன்ஸ்டாலையோ ஓட்டினால் முன்பின் தெரியாத ஒருவரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்த மாதிரி. சோதனையை உரிமையில்லாத சாதாரண நிகழ்வில் ஓட்டி, முடிவை ஆர்ட்டிஃபாக்ட்டாகச் சேமித்து, வொர்க்ஃப்ளோ-ரன் நிகழ்வில் ஓடும் இன்னொரு சின்ன வொர்க்ஃப்ளோ அதை எடுத்துக் கமெண்ட் போடட்டும். அந்த ஆர்ட்டிஃபாக்ட்டும் வெளியாளின் கோட் ஓடிய இடத்திலிருந்து வருவதுதான், அதை வெறும் தரவாக மட்டும் படியுங்கள். அல்லது வொர்க்ஃப்ளோ கட்டளையோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலான திட்டங்களுக்கு அதுவே போதும்.

ரிக்வெஸ்ட்டின் தலைப்பில் டிக்கெட் எண் இருக்கிறதா என்று பார்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். தலைப்பை நேராக ஷெல் கட்டளைக்குள் ஒட்டினால், தலைப்பிலேயே கட்டளை எழுதி அனுப்ப முடியும். அதை என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்து, மேற்கோளுக்குள் படியுங்கள். ரூல் ஃபைல்களையும் வொர்க்ஃப்ளோ ஃபைலையும், எந்த ஃபைலுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோட்ஓனர்ஸில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் தன்னைத் தடுக்கும் ரூலை அதே ரிக்வெஸ்ட்டிலேயே ஒருவர் எடுத்துவிட்டுப் பச்சை வாங்கிக்கொள்ளலாம்.

பழைய கோடை எப்போது தொடுவது

ரூல் சில வாரம் நன்றாக ஓடி, புதிதாக மீறல் வருவது குறைந்ததும் முழு ரிப்போவிலும் ஒரு முறை ஓட்டி மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். செம்க்ரெப்பில் ரூலோடு ஃபிக்ஸ் என்று மாற்று கோடையும் எழுதி வைத்தால் அதுவே திருத்தித் தரும், டைம்அவுட் போன்றவற்றில் எந்த எண் சரி என்பதை மட்டும் ஆள் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். இந்தத் திருத்தங்களைத் தனி ரிக்வெஸ்ட்டாக, ஒரு ஃபோல்டருக்கு ஒன்றாக அனுப்புங்கள், வேறு வேலையோடு கலக்காதீர்கள். எண்ணிக்கை பூஜ்யம் ஆனதும் அந்த ரூலுக்கு டிஃப் வடிகட்டியே வேண்டாம். முழு ரிப்போ லின்ட் பட்டியலுக்கு அதை மாற்றிவிட்டு, டிஃப் சோதனையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்கு, ரிவ்யூவில் இப்போது யாரோ கையால் எழுதிக்கொண்டிருக்கும் அடுத்த கமெண்ட்டைக் கொண்டுவாருங்கள்.